கார்டு பஞ்ச் பண்ணாதீங்க

திருமூர்த்தி: கம்முனு இரு அம்மிணி... மூச்சக்கூட மெதுவா உடு.

சித்ரகலா: நான் மெதுவாத்தானுங்க உடறேன். சத்தம் உங்க வயித்துல இருந்து வருது.

திருமூர்த்தி: காலைல இருந்து பச்சத்தண்ணி எறங்கல. பயம். அந்தத் துணி ரோலு மேல சாயாத... ஒண்ணு உருண்டா மொத்தமும் உருளும். அப்பறம் ஆடிட்டரம்மா நம்மளத் தேடவே வேண்டீதில்ல.

சித்ரகலா: சார், ஒண்ணு கேக்கலாங்களா?

திருமூர்த்தி: கேளு. காத்து மாதிரி கேளு.

சித்ரகலா: ஆடிட்டு அன்னிக்கு ரிஜிஸ்டர்ல பேரு இல்லாதவங்களத்தானே ஒளிச்சு வெப்பீங்க? அவிங்கள விடியறதுக்கு முன்னாலயே வேன்ல ஏத்தி அவிநாசி கோயிலுக்குத் தாட்டி உட்டுட்டீங்க. எனக்குப் பேரு இருக்குது, பி.எப். இருக்குது, செக்கிங் டேபிள்ல ஒம்பது வருசமா நிக்கறேன். என்னைய எதுக்குங்க குடோன்ல போட்டு ஷட்டர எறக்குனீங்க?

திருமூர்த்தி: உன்ற பேருல கோளாறு இல்ல. தொண்டையிலதான் கோளாறு.

சித்ரகலா: நீங்க மேனேஜரு... நீங்க எதுக்குங்க கூடவே உள்ள வந்தீங்க?

திருமூர்த்தி: எனக்கும் அதே கோளாறுதான்.

சித்ரகலா: ஓ... அதுதான் காலைல மப்ளரக் கட்டி, மாஸ்க்கப் போட்டு, அந்தம்மா முன்னால கைய கைய ஆட்டுனீங்களா? தையல் லைன்ல அத்தன பொம்பளைங்களும் சிரிப்ப அடக்க முடியாம மிசினுக்குள்ள தலைய உட்டுக்கிட்டாங்க.

திருமூர்த்தி: சிரிங்க சிரிங்க. தொண்டக்கட்டுன்னு அட்டையில எழுதிக் காட்டுனேன். மிளகு ரசம் குடிங்கன்னாங்க. தப்பிச்சோம்னு நெனச்சேன்... பத்து மணி டீக்கு சங்கு ஊதற வரைக்கும்.

சித்ரகலா: நம்ம சங்கா?

திருமூர்த்தி: நம்ம சங்கேதான். மூணு தடவ இருமிப்போட்டு நாலாவது தடவ கழுதையாட்டக் கத்துமே. திருப்பூர்ல எத்தன கம்பெனி இருக்குது... ஒண்ணுலயும் இப்படி நோவு புடிச்ச சங்கு கெடையாது. மாத்துங்கன்னு மொதலாளிகிட்ட நாலு வருசமாச் சொல்றேன். "ஊதுதுல்ல? உசுரு இருக்கற வரைக்கும் ஊதட்டும்"ங்கறாரு.

சித்ரகலா: செரி... ஊதுச்சு. பொறவு?

திருமூர்த்தி: அந்தம்மா எழுதிட்டிருந்த பேனாவக் கீழ வெச்சாங்க. தலையத் தூக்குனாங்க. மொகத்துல ஒரு சிரிப்பு. ரொம்ப நாளா விலாசம் தெரியாம அலைஞ்ச ஊட்டக் கண்டுபுடிச்ச மாதிரி. போனை எடுத்தாங்க... பாட்டப் போட்டாங்க.

சித்ரகலா: ஐயோ கர்த்தாவே... அந்தப் பாட்டா?

திருமூர்த்தி: பின்ன? வேற எந்தப் பாட்டுக்கு மொதல்ல நம்ம சங்கு ஊதுது? சங்கு, அப்பறம் தையல் மிசின் தாளம், அதுக்கு மேல டமுக்கு டமுக்குனு அடி, அதுக்கு மேல ஒரு பொம்பள உருகி உருகி ஜெபப் பாட்டு. நடுவுல நடுவுல ஒரு ஆம்பளக் கொரலு சொன்னதையே திருப்பித் திருப்பி...

சித்ரகலா: "ஆகஸ்ட்டு இருவத்திநாலு... ஞாயித்துக்கெழம... கார்டு பஞ்ச் பண்ணாதீங்க..."

திருமூர்த்தி: ராகம் போடாத! கெரகமே!

சித்ரகலா: தன்னால வந்துருச்சுங்க. ஊரே பாடுது. தாராபுரம் ரோட்டு மினிபஸ்ல கண்டக்டரு அதப் பாடிட்டேதான் டிக்கெட்டு கிழிக்கறாரு. அவிநாசிபாளையம் வர்றதுக்குள்ள பஸ்ஸே ஆடுது.

திருமூர்த்தி: ஊரு பாடலாம். அந்தக் கொரலுக்குச் சொந்தக்காரங்க ரெண்டு பேரு பாடக் கூடாது. ஞாயித்துக்கெழம மிசின் ஓட்ட மாட்டேன்னு நம்ம துணிய வாங்கற வெளிநாட்டு பையருக்கு மொதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. தொடந்து மிசின் ஓட்டுன பதினோரு ஞாயிறும் ரிஜிஸ்டர்ல லீவு. பாட்டுல என்னடான்னா, மேனேஜரே மைக்குல சொல்றான், வந்ததுக்குத் தடயம் இல்லாம வேலையப் பாருங்கன்னு. போதாதா?

சித்ரகலா: அது உங்க கொரலுன்னு அந்தம்மாளுக்கு எப்படிங்க தெரியும்?

திருமூர்த்தி: வாயத் தொறந்தாத் தெரியும். நீ "வணக்கம் மேடம்"னு ஒரு வார்த்த சொன்னாலும் தெரியும். அதுதான் ரெண்டு தொண்டையையும் கொண்டாந்து ஒரே எடத்துல போட்டுப் பூட்டிட்டேன். நாலரைக்குக் கோயமுத்தூர்ல அவிங்களுக்கு பிளைட்டு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல கெளம்பிருவாங்க... பல்லக் கடிச்சுட்டு இரு.

சித்ரகலா: தும்மல் வருதுங்க.

திருமூர்த்தி: முழுங்கு.

சித்ரகலா: தும்மல முழுங்க முடியுங்களா?

திருமூர்த்தி: பதினோரு ஞாயித்துக்கெழமைய முழுங்குனோம்... ஒரு தும்மலு பெருசா? மூக்கப் புடி... ஷ்ஷ்... ஆரோ நடக்கறாங்க.

சித்ரகலா: ...

திருமூர்த்தி: ...

சித்ரகலா: போயிட்டாங்களா?

திருமூர்த்தி: செருப்புச் சத்தம். ஆடிட்டரம்மா ஷூ போட்டிருக்காங்க. இது நம்ம ஆளுதான்... உன்ற கை என்ன இப்படிச் சில்லுனு இருக்குது?

சித்ரகலா: நம்ம ஓவர்லாக் லைன் சாமியாத்தாள நெனச்சுட்டேனுங்க.

திருமூர்த்தி: அவளப் பத்தி இப்ப எதுக்கு...

சித்ரகலா: போன வருசம் இதே மாதிரி ஆடிட்டு. கேட்டாங்க, உள்ளதச் சொன்னா. மக்யா நாளு கேட்டுக்கு வெளிய நின்னா. வேலம்பாளையத்துல அவ ஏறி எறங்காத கம்பெனி இல்லீங்க. எல்லா வாட்ச்மேன் போன்லயும் அவ போட்டோ. ஓவர்லாக் மிசின்ல அவ கை ஓடுனாக் கண்ணுல புடிக்க முடியாது... இப்ப வெங்காயக் காட்டுல களையெடுக்கறா.

திருமூர்த்தி: தெரியும்.

சித்ரகலா: எனக்கு அதுதானுங்க பயம். எனக்கு இந்த வேலைய உட்டா...

திருமூர்த்தி: தெரியும்னு சொன்னனே! ...எனக்கு மட்டும் என்ன, மொதலாளி பங்காளின்னா கழுத்துல கத்தி எறங்காதா? மொதலாளி மகுடேஸ்வரனுக்கு மொதல்ல ஆர்டரு, அப்பறந்தான் அண்ணன் தம்பி. நேத்து ரூமுக்குக் கூப்புட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "நெட்டுல பாட்டப் போட்டவன் ஆருன்னு நாளைக்குப் பொழுதோட எனக்குத் தெரியோணும். இல்லீன்னா பாட்டுல பேசுனவன் ஊட்டுக்குப் போவான்."

சித்ரகலா: அப்ப... கண்டுபுடிச்சுட்டீங்களா?

திருமூர்த்தி: தேடிட்டிருக்கேன்... நீ ஆரையாவது நெனைக்கறயா?

சித்ரகலா: நானா? எனக்கென்னங்க தெரியும்? நான் துணியில ஓட்ட இருக்குதான்னு பாக்கறவ.

திருமூர்த்தி: பாட்டுக்காரன் பேரு "செகண்ட்ஸ்"னு போட்டிருக்கான். கழிச்சுப் போட்ட சரக்கோட பேரு. நம்ம தொழில்காரந்தான்.

சித்ரகலா: சிலரு அந்த டிசைன் ரூம் பிரபாகரச் சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடறப்ப எந்நேரமும் காதுல எதையோ மாட்டிட்டிருக்கான்னு... ஆனா அவன் இருக்காதுங்க.

திருமூர்த்தி: சேச்சே. அவன் இருக்கவே மாட்டான். காலரையே நேரா வரையத் தெரியாது, அவனுக்கு ஏது தாளம்.

சித்ரகலா: அதேதானுங்க. அப்பாவிப் பையன்.

திருமூர்த்தி: நெம்ப அப்பாவி... என்ன அப்படிப் பாக்கற?

சித்ரகலா: ஒண்ணுமில்லீங்க. எல்லாரையும் சந்தேகப்படற நீங்க அவனை மட்டும் உட்டுட்டீங்களேன்னு பாத்தேன்.

திருமூர்த்தி: நீயும்தான் உட்டுட்ட.

சித்ரகலா: எங்க சபையில கீபோர்டு வாசிக்கற பையனுங்க அவன். பாஸ்டரய்யாவே அந்தப் பாட்ட மொத வாரம் "பிசாசு ஆட்டம்"னாரு.

திருமூர்த்தி: ரெண்டாவது வாரம்?

சித்ரகலா: ஒண்ணும் சொல்லல. மூணாவது வாரம் வாலிபர் கூட்டத்துல அவரே கையத் தட்டிட்டு நின்னாரு. கூட்டம் எச்சா வருதாமா.

திருமூர்த்தி: எங்க ஊரு மாரியாத்தா நோம்பியில கேட்டயா... டிஜே வெச்சிருந்தானுங்க. கெடாய வெட்டிப்போட்டு, மஞ்சத்தண்ணிய ஊத்திக்கிட்டு, உன்ற "கர்த்தாவே"க்குத்தான் விடிய விடிய ஆடுனானுங்க. ஒருத்தனுக்கும் அது ஆரு பாட்டுன்னு தெரியல. பூசாரி காலும் தாளம் போட்டுச்சு, நான் பாத்தேன்.

சித்ரகலா: ஒடிசாப் பசங்க ஹாஸ்டல்ல அத இந்தியில மாத்திப் பாடறாங்க. கார்டு பஞ்ச் மத் கரோ...

திருமூர்த்தி: அது தேவல. வெளிநாட்டுல நம்ம பனியன் விக்கற கடையிலயே அதத்தான் போடறாங்களாம்! நம்ம தைச்சத எடுத்து ஒடம்புல வெச்சுப் பாத்துக்கிட்டே, நம்ம திருட்டுத்தனத்துக்கு ஆடறாங்க. மெட்ராஸ்காரன் ஒருத்தன் பாட்டப் பத்தி எழுதியிருக்கான்... "அந்த ஆண் குரலில் ஈரம் என்பதே இல்லை. இயந்திரமே வாய் திறந்து பேசுவது போல் இருக்கிறது."

சித்ரகலா: மனப்பாடமே பண்ணிட்டீங்களா!

திருமூர்த்தி: நான் மிசினா அம்மிணி?

சித்ரகலா: ...

திருமூர்த்தி: இல்லீங்கன்னு சொல்லோணும். பேச்சுக்காவது.

சித்ரகலா: நேத்துத் தேதி போடலீன்னு மூணு செக்கிங் ரிப்போர்ட்ட என்ற மூஞ்சிலயே வீசுனீங்க. அதுதான் ரோசன பண்றேன்.

திருமூர்த்தி: தேதி இல்லாத தாளு போண்டா மடிக்கத்தான் ஆகும். அது தொழிலு.

சித்ரகலா: என்னைய என்னன்னு எழுதியிருந்தான் அந்த மெட்ராஸ்காரன்?

திருமூர்த்தி: "அழுகையா ஆனந்தமா என்று பிரிக்க முடியாத குரல்." உனக்கென்ன, நல்லாத்தான் எழுதுவான். அந்த வரி ஆரு எழுதுனது... ஓய்வு நாளு உன்னுது...

சித்ரகலா: "ஓய்வு நாளு உன்னுது, ஓயாத கை என்னுது, ரெண்டையும் நீ சேத்து வெப்பயா கர்த்தாவே..." நாந்தானுங்க. பீஸ் பாத்துக்கிட்டே வாயில வந்துச்சு. ஒம்பதாவது ஞாயித்துக்கெழமன்னு நெனைக்கறேன்.

திருமூர்த்தி: என்ற மக அக்ஷரா ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்க உடுவாங்க. பதினோரு வாரம் போகல. போன்ல சொல்றா... "இதுக்குப் பேரு ஹவுஸ் மியூசிக்குப்பா. பாட்டுலதான் உங்களப் பாத்தேன், நேர்லதான் பாக்க முடியல."

சித்ரகலா: கண்டுபுடிச்சுட்டாளா!

திருமூர்த்தி: பெத்த புள்ளைக்குத் தெரியாதா? நான் இல்லடா கண்ணுன்னு சத்தியம் பண்ணுனேன். பொய்ச் சத்தியம். அன்னிக்கு ராத்திரில இருந்தே எனக்குக் காய்ச்சலு. ஹவுஸ் மியூசிக்குன்னா ஊட்டுக்குள்ள போடறதுன்னு நெனச்சேன். ஊட்டவே இடிக்கறதுன்னு... ஷ்ஷ்! பின்னாடி சன்னல்ல ஆரு?

பிரபாகர்: சார்... அக்கா... நாந்தான், பிரபாகரு.

திருமூர்த்தி: தலையக் கீழ வையி! அந்தம்மா கெளம்பிட்டாங்களா?

பிரபாகர்: கெளம்பலீங்க. ரிஜிஸ்டரு, சம்பளச் சீட்டு, கேட்டு நோட்டு எல்லாம் பாத்தாங்க. சந்தையில மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி ஒவ்வொரு பக்கமா. எல்லாத்துலயும் அன்னிக்கு லீவு. மொதலாளி மொகத்துல தெளிவு வந்துச்சு... அப்பத்தான் ஊசி நோட்டக் கேட்டாங்க.

திருமூர்த்தி: ஊசி நோட்டா...

பிரபாகர்: ஆமாங்க. ஊசி ஒடஞ்சா, கொழந்த சட்டையில துண்டு போயிரக் கூடாதுன்னு அத்தன துண்டையும் பொறுக்கி டேப்புல ஒட்டித் தேதி போடுவமே, அது. ஆகஸ்ட்டு இருவத்திநாலு... மூணு துண்டு. லீவு நாள்ல ஊசி எப்படி ஒடஞ்சுதுன்னு கேக்கறாங்க.

சித்ரகலா: அது என்ற கையெழுத்துங்க.

திருமூர்த்தி: ஏம்புள்ள, அன்னிக்குப் போயி தேதி போட்டயா?

சித்ரகலா: போடலீன்னா நீங்க வீசுவீங்க! அதுமில்லாம, போன வாரம் எல்லா நோட்டையும் மாத்தி எழுதறப்ப நானே கேட்டேன்... "சார், ஊசி நோட்டையும் மாத்தோணுங்களா"ன்னு. "வேண்டாம், இருந்த எடத்துலயே வெச்சுட்டுப் போ"ன்னு சொன்னது ஆருங்க?

திருமூர்த்தி: ...அப்ப ரோசன வேற எங்கியோ இருந்துச்சு. மொதலாளி என்ன சொன்னாரு?

பிரபாகர்: "படிக்காத பொம்பள, தேதியத் தப்பா எழுதிருச்சு மேடம்"னாரு.

சித்ரகலா: படிக்காத பொம்பளையா? நான் பன்னெண்டாவதுங்க!

திருமூர்த்தி: கத்தாத!

பிரபாகர்: அக்கா, கேளுங்க. அந்தம்மா என்னையத் தனியாக் கூப்புட்டு ஒண்ணு சொன்னாங்க. ஒரு பாட்டையும் ஒரு ஊசியையும் வெச்சு அவிங்களால எழுத முடியாதாம். அன்னிக்கு இங்க வேல செஞ்ச ஒரே ஒரு ஆளு, வாயால, ஆமான்னு சொல்லோணுமாம். சொன்னா, ஆர்டரு உடனே போயிராதாம். ஞாயித்துக்கெழம மூடோணும், ஆறு மாசத்துல திருத்தோணும்னு கெடு போடுவாங்களாம். ஆரும் சொல்லலீன்னா, எல்லாம் செரின்னு எழுதிட்டுப் போயிருவாங்களாம்.

சித்ரகலா: நீ சொன்னயா?

பிரபாகர்: நான் அன்னிக்கு வரலக்கா. பொய் சொல்லட்டுங்களா?

திருமூர்த்தி: போடா... நீ ரூமுக்குப் போ. காதுல எதையும் மாட்டாத. உன்னைய ஆரு என்ன கேட்டாலும்...

பிரபாகர்: சார், எனக்குப் பயமா இருக்குதுங்க. மொதலாளி என்ற கம்ப்யூட்டரத் தொறந்து பாத்தா? அதுல நீங்க அன்னிக்கு...

திருமூர்த்தி: போங்கறனில்ல! அவிங்க வர்றாங்களான்னு பாரு, போ!

பிரபாகர்: செரிங்க... செரிங்க.

சித்ரகலா: "நீங்க அன்னிக்கு"ன்னானே... என்னங்க அது?

திருமூர்த்தி: பயத்துல ஒளர்றான்.

சித்ரகலா: சார்... ஒரு ஆளு சொன்னாப் போதுமாமே.

திருமூர்த்தி: சாமியாத்தாளும் ஒரு ஆளுதான்.

சித்ரகலா: ஞாயித்துக்கெழம மூடிருவாங்களாமே.

திருமூர்த்தி: எல்லாம் சொல்லுவாங்க. பிளைட்டு ஏறுனாப் பொறவு, உன்ற போட்டோவ மேனேஜரு குரூப்புல போட ஒரு நிமிசம். இருநூத்திப் பத்துப் பேரு இருக்கற குரூப்பு.

சித்ரகலா: ஆரு போடுவாங்க? நீங்கதானே என்ற மேனேஜரு?

திருமூர்த்தி: ...சாமியாத்தா போட்டோவப் போட்டது ஆருன்னு நெனைக்கற?

சித்ரகலா: நீங்களா?

திருமூர்த்தி: மொதலாளி சொன்னாரு, போட்டேன். ஐ.டி. கார்டுல இருந்த போட்டோ. நல்லாச் சிரிச்சிருப்பா அதுல. கீழ எழுதுனேன்... "இந்தப் பொம்பளைய வேலைக்கு எடுக்க வேண்டாம்." தேதி போட்டு.

சித்ரகலா: கர்த்தாவே...

திருமூர்த்தி: தலையத் திருப்பிக்கிட்டயா? திருப்பிக்கோ. போன மாசம் வெங்காய வண்டி பின்னால அவளப் பாத்தேன். "நல்லா இருக்கீங்களாண்ணா"ன்னு கேட்டா. நான் கண்ணாடிய ஏத்திட்டேன்.

சித்ரகலா: ஷ்ஷ்... சார். கேக்குதுங்களா?

திருமூர்த்தி: என்ன... ஐயோ. சங்கு.

சித்ரகலா: நம்ம சங்கு இல்லீங்க. பாட்டு. போன்ல. அந்தம்மா பாட்டப் போட்டுட்டே வர்றாங்க.

பிரபாகர்: சார்! கட்டிங் டேபிள் தாண்டிட்டாங்க! இக்கட்டால... இந்தப் பக்கம், குடோனுக்குத்தான்! கூட மொதலாளி இல்ல, அவிங்க மட்டும்!

திருமூர்த்தி: நீ ஓடு! நிக்காத! ...அம்மிணி, ரோலுக்குப் பின்னால வா. காலு தெரியுது, மடக்கு. சாமி... எங்க கொலசாமி... கையப் புடி. மூச்சு உடாத.

சித்ரகலா: ஷட்டருகிட்ட நின்னுட்டாங்க.

திருமூர்த்தி: தெரியுது.

சித்ரகலா: தட்டறாங்க...

திருமூர்த்தி: தட்டட்டும்.

சித்ரகலா: சார், நான் ஒண்ணு சொல்லோணும். மறச்சுட்டேன். இப்பச் சொல்லலீன்னா என்ற நெஞ்சு வெடிச்சுரும்.

திருமூர்த்தி: இப்பவா?

சித்ரகலா: அந்தப் பாட்ட ரெக்கார்டு பண்ணுனது நாந்தானுங்க.

திருமூர்த்தி: ...போனைத்தான் கேட்டுலயே வாங்கி வெச்சுக்கறமே!

சித்ரகலா: டிபன் கேரியர் அடித்தட்டுல வெச்சுக் கொண்டாந்தேன். மேல் தட்டுல தயிர்சோறு. தொடந்து சபைக்கு வரலீன்னா கிறிஸ்மஸ் பாட்டுக்குழுவுல இருந்து பேர எடுத்துருவோம்னாங்க எங்க பெண்கள் ஐக்கியத்துல. ஊரு சுத்தறேன்னு நெனச்சுட்டாங்க. அதுதான்... நான் வேல செய்யற எடத்துலயே ஆராதன பண்றேன் பாருங்கன்னு, பாடி, குரூப்புக்கு அனுப்புனேன். அதுல பிரபாகரும் இருக்கான். அவன் எடுத்து டமுக்கு டமுக்குனு... என்னையக் கேட்டுத்தான் போட்டான். நாலு பேரு கேப்பாங்கன்னு நெனச்சேன்.

திருமூர்த்தி: தயிர்சோத்துக்கு அடியில...

சித்ரகலா: திட்டுங்க. பொறவு திட்டுங்க. மறுபடியும் தட்டறாங்க.

திருமூர்த்தி: திட்டல. மெதுவாப் பேசு.

சித்ரகலா: ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆரம்பத்துல இருந்தே வெளங்கலீங்க. நான் அனுப்புனதுல என்ற கொரலு இருந்துச்சு, சங்கு இருந்துச்சு, மிசின் சத்தம் இருந்துச்சு. உங்க கொரலு... கேரியருக்குள்ள பூந்து, தண்ணிக்குள்ள பேசுன மாதிரி இருந்துச்சு. பாட்டுல ரேடியோவுல பேசற மாதிரித் தெளிவா வருது.

திருமூர்த்தி: ...கம்ப்யூட்டர்ல தொடச்சு எடுத்திருப்பான்.

சித்ரகலா: தொடச்சா அழுக்குப் போகுங்க. இல்லாதது எப்படிங்க வரும்? அன்னிக்கு மைக்குல "இன்னிக்கு ஆரும் கார்டு பஞ்ச் பண்ணாதீங்க"ன்னுதானே சொன்னீங்க? இன்னிக்குன்னுதான் சொன்னீங்க. ஆகஸ்ட்டும் இல்ல, இருவத்திநாலும் இல்ல, ஞாயித்துக்கெழமையும் இல்ல. வந்து நிக்கறவங்களுக்கு என்ன கெழமன்னு தெரியாதா, எதுக்குச் சொல்லப் போறீங்க? சார். அந்தத் தேதி பாட்டுக்குள்ள எப்படிங்க வந்துச்சு?

திருமூர்த்தி: தேதி இல்லாத ரிப்போர்ட்ட நான் என்னிக்கு அம்மிணி ஏத்துக்கிட்டிருக்கேன்? அதப் பிரபாகர் ரூம்ல உக்காந்து பேசிக் குடுத்தது நாந்தான். ...எந்திரி. ஷட்டர நீயே தூக்கு. நான் இந்த மப்ளர அவுக்கறேன்.